லட்லோவில் குணமானவள்

“இந்த அம்மாவை நான் நேர்ல பார்க்கணுங்க. இன்னிக்கே.”

அம்புரோஸ் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். சனிக்கிழமை, அலுவலகம் அரைநாள்தான். அவர் மனைவி ஹன்னா சமையலறைச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் மீன் சுற்றி வந்த பத்திரிகைத் தாள் இருந்தது.

கப்பல் கம்பெனிக் குமாஸ்தா என்று தெருவில் மதிப்பாகப் பெயர் எடுத்த மனிதர், ஒரு வருஷமாக வீட்டுக்குப் பத்திரிகை வாங்குவதையே நிறுத்தியிருந்தார். மீன்காரன் ரூபத்தில் அது உள்ளே வந்துவிட்டது.

“எந்த அம்மா?”

“லட்லோவில ஜெமைமா ஹார்கட்னு ஒருத்தங்க. டாக்டர் வால்க்ரோவோட நரம்புச் சஞ்சீவி குடிச்சுக் குணமாயிட்டாங்களாம். பேரு, ஊரு எல்லாம் போட்டிருக்கு.”

லண்டனில் அந்தச் சஞ்சீவியின் பெயர் ஒட்டாத சுவரே கிடையாது. தலைசுற்றல், தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, எதுவானாலும் அந்த ஒரே புட்டிதான். குணமானவர்கள் எழுதிய கடிதங்கள் வாராவாரம் பத்திரிகையில் வரும். ஊரும் பேரும் போட்டிருந்தால் பொய்யாக இருக்காது என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

“அதெல்லாம் சாராயமும் சர்க்கரைத் தண்ணியும், ஹன்னா. அதைக் குடிச்சு யாருக்கு என்ன குணமாயிருக்கு?”

“மருந்தை நான் கேட்கலியே. அந்த அம்மாவைத்தான் பார்க்கணும்கிறேன். இதைக் கேளுங்க.” அவள் தாளைப் பிரித்துப் படித்தாள். “‘கடிகாரச் சத்தம் என் மண்டையில் அடிக்கும். அதன்மேல் சால்வையைப் போர்த்தி வைப்பேன். சுவரில் முதுகு ஒட்டாமல் உட்கார மாட்டேன். ரொட்டிக் கத்தியைக் கண்டால் என் கையை நினைத்து எனக்கே பயம். அதைக் கரித்தொட்டிக்குள் ஒளித்து வைப்பேன்.’ கேட்டீங்களா? அச்சு அசல் என்னை மாதிரியே ஒருத்தி.”

அடுப்புக்கு மேலே, சால்வை போர்த்தியிருந்த கடிகாரத்தின் பக்கம் அம்புரோஸ் திரும்பவே இல்லை.

“நரம்புக் கோளாறுன்னா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.”

“இருக்கட்டும். மிச்சத்தையும் கேளுங்க. ‘மூன்றாவது புட்டி முடியும்போது ஒருநாள் காலையில் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். மாடிப்படியில் இறங்கி வந்த என் கணவர் அந்தச் சிரிப்பைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.’”

படித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் தாளை மடியில் வைத்துவிட்டாள். பிறந்தும் அழாத குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை.

“ஹன்னா, நான் சொல்றதைக் கேளும்மா.”

“திங்கட்கிழமை ரெண்டாவது டாக்டர் வர்றாரு. ஒருத்தர் கையெழுத்துப் போட்டாச்சு. இவரும் போட்டுட்டா என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டியேத்திடுவாங்க. அங்க போனவங்க யாராவது திரும்பி வந்து நீங்க பார்த்திருக்கீங்களா?”

அவர் பார்த்ததில்லை. ஆனாலும் டாக்டரைக் கூப்பிட்டது அவர்தான். கால்வாய்க் கரையில் செருப்பில்லாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்த பிறகு, வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை நினைத்து நினைத்துத்தான் மனிதர் பாதியாகிப் போயிருந்தார்.

“ரயில்ல அவ்வளவு தூரம் எப்படிப் போவே? தெருமுனை வரைக்குமே உன்னால போக முடியலியே.”

“போவேன்.”

அப்போதுதான் அவர் கவனித்தார். வெளியே போகும்போது போடும் கறுப்புத் தொப்பியை அவள் தலையில் கட்டியிருந்தாள். கையுறைகூடப் போட்டாயிற்று, பொத்தான்தான் துளை மாறிப் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“முன்பின் தெரியாதவங்க வீட்டுக் கதவைப் போய் எப்படித் தட்டறது? போன இடத்துல அவங்க இல்லேன்னா?”

“இல்லாம எங்க போயிடுவாங்க? அதான் அச்சுல வந்திருக்காங்களே.”

அம்புரோஸ் அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சொன்னாலும் அவள் உடைந்து போவாள், சொல்லாவிட்டாலும் உடைந்து போவாள்.

“ஹன்னா... லட்லோ வேண்டாம். அங்க வந்து...”

அவள் குனிந்து, மைக்கறை போகாத அவருடைய விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

“சிரமப்படாதீங்க. அப்படி ஒருத்தி அங்க இல்லேன்னு படிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. இதுல இருக்கிறதெல்லாம் இந்த உலகத்துல நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்? நீங்க தினமும் போற கப்பல் கம்பெனி இந்தச் சஞ்சீவிக் கம்பெனிதான்னும் புரிஞ்சுபோச்சு.”

அவள் குரலில் கோபமே இல்லை. அவருக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“முதல் பாதியை என்னைப் பார்த்து எழுதிட்டீங்க,” என்றாள் ஹன்னா. “சிரிச்சாளே, அந்த ரெண்டாவது பாதியை யாரைப் பார்த்து எழுதினீங்க? அவகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க.”