ஒப்புதல் படியில் ஒரு செயல்

கொட்டாஞ்சேனைக் கந்தோரின் மூன்றாம் மாடியில் மத்தியான வெயில் சுபோதினியின் மேசையில் விழுந்து கிடக்கிறது. எதிரே மனேஜர் கிளறன்ஸ் நிற்கிறார். கையில் கார்ச் சாவி கிலுங்கிக்கொண்டே இருக்கிறது. “பிள்ளை, என்ர அம்மா மன்னாரில ஐசியூவில. லீவு போட்டா சிஸ்டம் டெத் சேட்டிபிக்கேற் கேக்குது. அவ இன்னும் உயிரோட இருக்கிறா!” கீழே கோட்டைக்குப் போகிற பஸ்ஸின் கொண்டக்டர் ‘கொட்டுவ, கொட்டுவ’ என்று கத்துகிறான். சுபோதினி தேநீரில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கி ஒரு மிடறு குடிக்கிறாள். போன மாசியில் அவளுடைய அம்மாவின் உடல் யாழ்ப்பாணத்தில் கிடந்தபோது, இவரிடம்தான் லீவு கேட்டு நின்றாள். “சேட்டிபிக்கேற் இல்லாமல் சிஸ்டம் விடாது பிள்ளை, நான் என்ன செய்யிறது?” என்றார், தலை நிமிராமல். அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. சென்ற வாரம் அந்த லீவு மென்பொருள் அவள் பொறுப்புக்கு வந்தது. லீவு ஒப்புதலின் படிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எந்தப் படியும் சான்றிதழ் கேட்கவில்லை. இன்று காலை, கிளறன்ஸின் பெயருக்கு மட்டும், ஒப்புதல் படியில் சான்றிதழ் கேட்கும் ஒரு செயலைப் புதிதாகச் சேர்த்தாள். இப்போது அதை நீக்கும் பொத்தான் அவளுடைய விரலடியில் இருக்கிறது. விரல் அசையவில்லை. “ஓம் சேர், சிஸ்டம் கேக்குது,” என்கிறாள், தலை நிமிராமல். “நான் என்ன செய்யிறது?”