கதவுக்குள் போன வூஃபர்கள்

நெனிதா கரோக்கே பெட்டியின் கறுப்புத் துணியை உரித்தாள். தாளத்தை அதிர வைக்கும் பெரிய ஸ்பீக்கரான வூஃபர் இருக்க வேண்டிய இடத்தில் சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது.

அடுத்த பெட்டியிலும் அப்படியே.

மறுநாள் தேவாலயத் திருவிழா. சுடுவதற்குப் பன்றி சொல்லியாகிவிட்டது. சாப்பிட வருகிறவர்கள் பாடாமல் போகமாட்டார்கள் என்று மைக்கைச் சோதிக்கப் பக்கத்து வீட்டு கிளாரிட்டாவைக் கூப்பிட்டிருந்தாள். கிளாரிட்டா முதல் வரியைப் பாடியதுமே, குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல வந்தது; அதனால்தான் துணியை உரித்துப் பார்த்தாள்.

கிளாரிட்டா ஓட்டைக்குள் கையை விட்டு வயரின் நுனியை வெளியே இழுத்தாள். ஒழுங்காக வெட்டி, டேப் சுற்றியிருந்தது.

“திருடன் டேப்பெல்லாம் சுத்திட்டுப் போகமாட்டான்டி. இது உன் வீட்டுக்காரன் வேல. போன வாரம் சந்தைக்குப் பின்னால ஸ்பீக்கர் கடையில, கார் கதவக் கழட்டிப் போட்டுட்டு நின்னான். நானே பாத்தேன்.”

“வீட்டு ஸ்பீக்கர யாராவது கார் கதவுல மாட்டுவாங்களா?”

“பக்கத்துல யாரையாவது உக்கார வைக்கணும்னா மாட்டுவாங்க” என்று சிரித்தாள் கிளாரிட்டா.

நெனிதா சிரிக்கவில்லை.

மூன்று மாதமாகவே எல்மர் சரியில்லை.

பாக்கொலோட் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றும் கார் அவனுடையது. போன் அடித்தால் எடுப்பதில்லை. எதுவானாலும் மெசேஜ் போடு என்கிறான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. சொன்னாலும் அது வேறெதற்கோ சொன்ன பதிலாக இருக்கிறது. படுக்கையில் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டால் என்ன பேசினாலும் அசைவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் போ என்றால் நேரமில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு மதியம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவதற்கு மட்டும் நேரம் இருக்கிறது.

நேருக்கு நேர் பேசும்போது அவள் முகத்தையே உற்றுப் பார்க்கிறான். இவளுக்கு எவ்வளவு தெரிந்துவிட்டது என்று அளக்கிறவன் மாதிரி.

கிளாரிட்டாவை அனுப்பிவிட்டு நெனிதா வெளியே வந்தாள்.

கார் வேலியோரம் மாமர நிழலில் நின்றிருந்தது. கண்ணாடிகளெல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே எல்மர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான். பாட்டு அதிர்ந்ததில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டது.

தனியாக உட்கார்ந்து இப்படிப் பாட்டுக் கேட்கிறவன் மனதில் யாரோ இருக்கிறாள். அது யாரென்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, அறைந்து சாத்தினாள். அடி விழுவது போல அவள் தொடையில் அதிர்வு இறங்கியது.

கதவின் உள்தட்டை வட்டமாக அறுத்து, ஒட்டுப்பலகையில் வளையம் வெட்டி வைத்து, அவள் வீட்டு வூஃபரை எட்டு ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தான். அவன் பக்கத்துக் கதவிலும் அதே வேலை. வீட்டில் ஒழுகும் குழாய்க்கு இத்தனை அக்கறை காட்டியதில்லை.

எல்மர் திடுக்கிட்டுக் கண் திறந்தான். அவளைக் கண்டதும் அசட்டுச் சிரிப்பு ஒன்று வந்தது.

“யாருக்கு எல்மர் இதெல்லாம்?”

“ஆமா” என்றான்.

“யாருக்குன்னு கேட்டேன்.”

“ஆமாமா, நல்லாருக்குல்ல?” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். முழங்காலைக் கதவோடு ஒட்டி வைத்துக்கொண்டான். உள்ளங்கையை வூஃபருக்கு மேலே பதித்து, விரலால் தாளம் போட்டான். ஒரு தாளமும் தப்பவில்லை.

கேலி செய்கிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. காது மடலெல்லாம் சூடேறியது.

டாஷ்போர்டு அறையைத் திறந்தாள். ஜெபமாலை, புதினா மிட்டாய், ஒரு டார்ச். கண்ணாடிக்கு மேலிருந்த வெயில் மறைப்பு மடக்கைப் பிரித்தாள். ஒன்றுமில்லை. சீட்டுக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். ஏதோ சூடான இரும்புப் பெட்டி, ஆம்ப்ளிஃபையராக இருக்கும். அதன் பின்னால் வழவழப்பாக ஏதோ தட்டுப்பட்டது. பெண்பிள்ளை செருப்பின் வார் என்றே நினைத்து, பிடித்து ஒரே இழுவையாக இழுத்தாள்.

வந்தது ஒரு பிளக்.

இரண்டு கதவும் சட்டென்று அடங்கின. காலடியில் தரை அதிர்வது நின்றது.

டாஷ்போர்டின் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் மட்டும் பாட்டு தொடர்ந்தது. இரைச்சல் விலகியதும் பாடகியின் குரல் கணீரென்று எழுந்தது. பாட்டின் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் நெனிதாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

எல்மரின் விரல் நின்றது. கதவைத் தடவிப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“ஏன் பாட்ட நிறுத்திட்ட?”

நெனிதா பேச வாயெடுத்தாள். அவன் பார்வை அவள் உதட்டுக்கு வந்து, அங்கேயே காத்திருந்தது.

பாடகி அடுத்த அடிக்குப் போய்விட்டாள்.

நெனிதா குனிந்து, சீட்டுக்கடியில் துளையைத் தேடி, பிளக்கை மறுபடி செருகினாள்.