ராத்திரிக் காவல்

ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டர் ஹே-வோன் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன் குக் தோங்-சிக்குக்குப் பொருத்திய சிறுநீரகம் போயே போய்விட்டது.

“ஐயா, மாத்திரையை ஒழுங்கா போட்டீங்களா?”

“ஒரு நாள்கூட விட்டதில்ல, டாக்டரம்மா.”

பக்கத்திலிருந்த அவர் மனைவி ஓக்-பூன், ஆமாம் என்று தலையாட்டினாள்.

“காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு?”

“காலைல மட்டும்தான்.”

“ஐயோ, ராத்திரி மாத்திரை என்னாச்சு?”

அவர் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். ஹே-வோனே வரைந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியெல்லாம் சிப்பாய்கள். மாத்திரை போட்டால் அவர்கள் தூங்கிவிடுவார்கள். வரிசையாகக் குறட்டை விடும் அந்தச் சிப்பாய்களைப் பார்த்துச் சிரிக்காத நோயாளியே கிடையாது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

“நான் வடக்கு எல்லை வேலியில மூணு வருஷம் காவல் நின்னவன். பகல்ல தூங்கினாத் தொலையுதுன்னு விட்டுடலாம். வெளியாள் உள்ள நுழையறது ராத்திரிலதான். அப்ப போயி அத்தனை பேரையும் தூங்க வைக்கலாமா?”

“ஐயா, அது சும்மா புரியறதுக்காகச் சொன்னது. அந்தச் சிப்பாய்ங்களுக்கு வெளியாளே புதுக் கிட்னிதான். அவங்கதான் அதை அழிச்சுட்டாங்க.”

தோங்-சிக்கின் முகம் செத்துவிட்டது. ஓக்-பூனின் கை தன் இடுப்புத் தழும்பைத் தேடிப் போனது.

“அது எப்படி வெளியாளாகும்? இவளோடதாச்சே, டாக்டரம்மா! காவலுக்கு ஆள் இல்லாம நான் எப்படி விடுவேன்?”