அசையாத எண்

ஹீட்டரைப் போட்டாள். பிழை வந்தது.

அணைத்தாள். நின்றது.

மறுபடி போட்டாள். கருப்புத் திரையில், கம்பி வழியே தகவல் சரியாக வரவில்லை என்று சொல்லும் 'பஸ் எரர்' வரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது.

ஹீட்டர்தான் காரணம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. ஆனாலும் சென்சரைப் படிக்கத் தான் எழுதிய நிரலை, அந்த டிரைவரை, முதல் வரியிலிருந்து இன்னொரு முறை படித்தாள். அவள் அப்படித்தான். தெருவில் எந்தக் குழாய் உடைந்தாலும் தன் வீட்டுக் குழாயைப் போய்ப் பார்ப்பவள்.

டிரைவரில் தவறில்லை.

மேசைமேல் கண்ணாடிப் பெட்டி இருந்தது. குறைமாதக் குழந்தைகளைக் கிடத்தும் பெட்டி. அதன் பின்புறத் துளையில் பட்டாணி அளவு சென்சர். அதிலிருந்து மின்சுற்று போர்டுக்கு ஒரு மெல்லிய கேபிள். பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று அந்தக் கேபிள் வழியாகத்தான் சேதி போக வேண்டும். அந்தச் சேதியை நம்பித்தான் ஹீட்டர் எரியும், அணையும்.

அந்தக் கேபிளை ஹீட்டரின் தடித்த மின்கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பார்க்க நீட்டாக இருக்குமாம். ஹீட்டர் எரியும்போதெல்லாம் பக்கத்திலிருக்கும் சேதி சிதைந்தது.

எட்வினிடம் சொன்னாள். போர்டை வரைந்தவன். கம்பிகளைக் கட்டியவனும் அவன்தான்.

அவன் நாற்காலியைத் திருப்பவில்லை. "என் போர்டுல ஒண்ணும் இல்ல. உன் புரோகிராமைப் பாரு."

ஒரு வாரமாக இதையே சொல்கிறான். ஒரு வாரமாக அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் ரங்கபாஷ்யத்திடம் போனாள். அவர் முழுதாகக் கேட்டார். கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வதில் தேர்ந்தவர்.

"அதைப் பிரிச்சு வேற வழியில விடணும்னா பெட்டியோட அச்சையே மாத்தணும்மா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் பெட்டி வாங்க டாக்டரம்மா வர்றாங்க. எரர் வந்தா பழைய நம்பரையே காட்டச் சொல்லிடு. முடிஞ்சுது."

"உள்ள சூடு ஏறினாலும் பழைய நம்பர்தான் சார் காட்டும்."

"எதுக்கும்மா ஏறப்போகுது?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் ஒருவர்மீது கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்க வேண்டும்.

இடத்துக்கு வந்தாள். எழுதினாள். சின்னத் திருத்தம். படிக்க முடியாவிட்டால் முந்தைய மதிப்பு. பிழையை எங்கும் பதிவு செய்யாதே.

எழுதும்போது அவர்கள்மேல் இருந்த இளக்காரம் தன் பக்கமும் திரும்புவதை உணர்ந்தாள்.

மறுநாள் டாக்டர் வந்தார். வெயிலில் வந்த களைப்பு. கொடுத்த மோரைத் தொடவில்லை. நேராகப் பெட்டியிடம் போனார்.

திரையில் 34.5.

ஹீட்டர் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. எண் அசையவில்லை.

"ஆணி அடிச்ச மாதிரி நிக்குது பாருங்க டாக்டர்," என்றார் மேனேஜர்.

எட்வின் கைகட்டி நின்றான். தன் போர்டைப் பெண் பார்க்க வந்திருப்பதைப் போல அடக்கமாகச் சிரித்தான்.

"எங்க பழைய பெட்டியில இது ஆடிக்கிட்டே இருக்கும்," என்றார் டாக்டர். "நர்ஸுங்க பாவம், அதையே பாத்துட்டு நிக்கணும்."

"இதுல அந்தக் கவலையே வேணாம். போட்டுட்டுப் போயிடலாம்."

ஆர்டரில் கையெழுத்துப் போட டாக்டர் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அவள் பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். விளக்கம் கேட்டால் சொல்வதற்காக நிறுத்தியிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் கைகள் என்ன செய்கின்றன என்று யாரும் பார்க்கவுமில்லை.

சரியான கேபிள்தானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தாள். சரியானதுதான். இன்னொரு முறையும் பார்த்தாள்.

பிறகு முன்பக்கம் நடந்து வந்தாள். உள்ளங்கையில் இருந்ததை மேசைமேல், டாக்டரின் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள்.

பட்டாணி அளவு சென்சர். ஒரு சாண் கேபிள். அதன் மறுமுனை எதிலும் செருகப்பட்டிருக்கவில்லை.

எட்வினின் சிரிப்பு முதலில் நின்றது.

டாக்டர் அதைப் பார்த்தார். தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தார்.

34.5.

மேனேஜர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.