மூன்றாவது ப்ரூஃப் காசு

பிரிக்ஃபீல்ட்ஸ் நாணயக் கடையில் மூவர் இருந்தனர். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கடைக்காரர் ஹாசிம், எதிரே கமலநாதன், அவர் பக்கத்தில் மனைவி ஷாமினி. மறைந்த அப்பா சேர்த்த, சேகரிப்போருக்கென்றே பளபளப்பாக அச்சிடப்படும் ப்ரூஃப் நாணயங்களைத் தர மதிப்பீட்டுக்கு அனுப்ப வந்திருந்தார் கமலநாதன்.

“மூணு காசு செட்டாச்சே தம்பி, ஒண்ணு எங்க?” என்றார் ஹாசிம்.

“என் தங்கச்சி புனிதா எடுத்துட்டா, அங்கிள். கேட்டா, சத்தியமா இல்லைன்னா. ‘திருடி, வீட்டுப் பக்கம் வராதே’ன்னுட்டேன். அதுக்கப்புறம் பேச்சே இல்ல.”

ஹாசிம் லென்ஸைக் கீழே வைத்தார்.

“அப்பா தவறின அன்னிக்கு நானும் வந்தேனே. அவர் நெத்தியில வச்சிருந்தது அந்தக் காசுதான் லா. ப்ரூஃப் காசு கண்ணாடி மாதிரி மின்னும், எனக்குத் தெரியாதா? அவருக்குப் பிடிச்சத அவரோடவே அனுப்புறீங்கன்னு நெனச்சேன்.”

அன்று அழுதுகொண்டே, அப்பாவின் மேசையில் கைக்கு அகப்பட்ட காசை எடுத்துச் சந்தனம் தடவி நெற்றியில் ஒட்டியவர் கமலநாதன்தான்.

“புனிதாவுக்கு உடனே போன் போடுங்க,” என்றாள் ஷாமினி.

“நம்ம ரெண்டு பேர் நம்பரையும் பிளாக் பண்ணிட்டா.”

கமலநாதன் மதிப்பீட்டுப் படிவத்தை நகர்த்திவிட்டு, ஹாசிமிடம் ஒரு தாளும் உறையும் கேட்டு வாங்கினார். “புனிதா, அந்தக் காசை அப்பா நெற்றியில் வைத்தது நான்தான். அண்ணன் வீட்டுக்கு வருவாயா?” என்று எழுதினார். உறையை ஒட்டி, தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள தங்கையின் வீட்டு முகவரியிட்டு, தபால் பெட்டியில் போட்டார்.