கூசவே இல்லை

ஜில்லென்ற காற்று கடைவாய்ப் பல்லில் பட்டதும் பெரியம்மாவின் உயிர் உச்சந்தலை வரை போய்த் திரும்பி வந்தது. செருப்புக்குள் கட்டைவிரல் சுருண்டுகொண்டது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

"கூசுதா பெரியம்மா? பத்துக்கு எத்தனை?" காற்றுக் குழாயைக் கையில் பிடித்தபடி கேட்டாள் தங்கை மகள்.

"கூசவே இல்ல கண்ணு. பூஜ்யம்னு போட்டுக்கோ."

"நிஜமாவா?"

"உன்கிட்ட போய்ப் பொய் சொல்வேனா?"

சொன்ன பிறகு பல்லைவிட மனசுதான் அதிகம் கூசியது.

பல் மருத்துவ மேல்படிப்பில் அவளுக்கு இது கடைசி வருஷம். பல் கூச்சத்துக்கு ஒரு புதுப் பற்பசை கேட்கிறதா இல்லையா என்று எட்டு வாரம் சோதித்து ஆய்வு எழுத வேண்டும். தேறாவிட்டால் இன்னொரு வருஷம், ஆனா ஆவன்னாவிலிருந்து.

ஆள் கிடைக்காமல் அலைந்தவளுக்குப் பெரியம்மாதான் தன் தையல்கூடத்தில் தன்னையும் சேர்த்துப் பல் கூசுகிற பத்துப் பெண்களைப் பிடித்துக் கொடுத்தாள். எதிரே இருந்த அச்சகத்தில் பத்து ஆண்கள் கிடைத்தார்கள். பெயரே போடாத வெள்ளை டியூப்கள். பேராசிரியர் நிறம் பிரித்து அனுப்பியிருந்தார். தையல்கூடத்துக்குப் பச்சை மூடி, அச்சகத்துக்கு நீல மூடி.

மூன்றாம் வாரம் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "உங்க ஆளுங்கள்ல ஒருத்தருக்குக்கூடக் கூச்சம் குறையல பெரியம்மா" என்றாள் அவள். முகம் வாடிக் கிடந்தது. மதியம் அவள் சாப்பிடவில்லை என்பது வேறு விஷயம். பெரியம்மாவுக்கு அதெல்லாம் எங்கே தோன்றியது? பிள்ளையின் படிப்பு போச்சே என்றுதான் தோன்றியது.

மறுநாளே எல்லா மெஷின்களையும் நிறுத்தச் சொன்னாள்.

"இங்க பாருங்கடி, நம்ம குட்டி டாக்டர் பாஸாகணும். அடுத்த வாரத்துலேருந்து இங்க யாருக்கும் பல் கூசக் கூடாது. பல்லைக் கடிச்சுக்கிட்டு சும்மா இருங்க."

"பல்லைக் கடிச்சாத்தான் அக்கா கூசுதே!" என்றாள் காஜா போடுகிறவள்.

சிரித்தார்களே தவிர, சொன்ன சொல் தவறவில்லை. வாரா வாரம் ஆறு, நாலு, ரெண்டு என்று இறங்கி, கடைசியில் பத்துப் பேரும் பூஜ்யத்தில் வந்து நின்றார்கள்.

சோதனை முடிந்த சந்தோஷத்தில் குட்டி டாக்டர் இரண்டு இடத்துக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்துவிட்டாள். சோதனையே தேவலை என்றாகிவிட்டது! பத்துப் பெண்களும் கண்ணில் நீர் முட்ட, மென்று விழுங்கினார்கள்.

"என்ன பெரியம்மா, அழுறீங்க?"

"ஆனந்தக் கண்ணீர் கண்ணு."

எதிர் வாசலில் அச்சகத்து மேஸ்திரி ஐஸ்கிரீமை இரண்டே கடியில் முடித்துவிட்டு, சோடாவில் மிதந்த ஐஸ்கட்டியையும் கறுக் முறுக்கென்று மென்றுகொண்டிருந்தார்.

'அடேயப்பா, நம்மளைத் தூக்கிச் சாப்பிட்டுடுவாரு போலிருக்கே, என்னமா நடிக்கிறாரு!' என்று நினைத்துக்கொண்டாள் பெரியம்மா. பாவம், நல்ல மனுஷன். அவருக்கும் பிள்ளையின் மேல் இரக்கம்.

அதன் பிறகு ஒரு வாரமாகப் பெரியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்காத மருந்தைக் கேட்கிறது என்று எழுத வைத்தாயிற்று. நாளைக்கு நாலு பேர் நம்பி வாங்கித் தேய்ப்பார்கள். பாவம் யாரைச் சேரும்? பிள்ளையின் தலையில் அல்லவா விடியும்? ஒரு வருஷம் போனால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்த அன்றே குட்டி டாக்டர் தையல்கூடத்துக்குள் வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"நான் முதல்ல சொல்லிடுறேன் பெரியம்மா. என் ஆய்வு ஊத்திக்கிச்சு."

பெரியம்மாவின் கையிலிருந்த கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. குட்டு உடைந்துவிட்டதோ?

"அதெப்படி? எங்க யாருக்கும் கூசலன்னு எழுதியிருக்கியே!"

"அதான் வினையே. நீல மூடிக்காரங்களுக்கும் கூச்சம் போச்சு, உங்களுக்கும் போச்சு. ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லன்னா மருந்து வேலை செய்யலன்னுதான் அர்த்தமாம்."

"என்ன கண்ணு உளர்றே? எல்லாருக்கும் ஒரே மருந்துதானே குடுத்தே?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். எந்த மூடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாமல் உறைக்குள் ஒட்டி வைத்திருந்ததைப் பேராசிரியர் அன்று காலையில்தான் பிரித்தாராம்.

"பச்சை மூடியில மருந்தே இல்ல பெரியம்மா."