இரண்டு பாத்தியும் மூன்று பேராசிரியரும்

"ஆடு மேஞ்சிருக்கும்பா" என்றார் தாவரவியல் பேராசிரியர் தட்சணாமூர்த்தி, பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டபடி.

ஆராய்ச்சி மாணவன் செல்வநாதன் அவசரமாகக் குறுக்கிட்டான். "ஆட்டோட நெழல்கூட உள்ள வராதுங்க சார். சுத்தி முள்வேலி, கதவுக்குப் பூட்டு. சாவி என்கிட்ட ஒண்ணு, செடிக்குத் தண்ணி ஊத்தற லூர்துமேரி அக்காகிட்ட ஒண்ணு. எனக்குச் சமைச்சுப் போடறதும் அவங்கதான். வேற யாரும் இந்தப் பக்கம் வர்றதில்ல."

மரக்காணம் உப்பள ஓரத்தில், எழுபத்து நாலாம் வருஷத்து வைகாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வேலிக்குள் இரண்டு பாத்தி. இரண்டிலும் ஒரே நாளில் நட்ட உமரிச் செடிதான். ஒன்றுக்கு நல்ல தண்ணீர், மற்றதற்கு உப்பளத்து வாய்க்கால் தண்ணீர்.

நல்ல தண்ணீர்ப் பாத்தி முழங்கால் உயரத்துக்கு நெடுநெடுவென்று நின்றது. உப்புத் தண்ணீர்ப் பாத்தி கணுக்காலைத் தாண்டவில்லை.

உவர் மண்ணிலேயே பிறந்து வளருகிற செடி, உப்புத் தண்ணீரில் இப்படிக் குட்டையாகும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதுதான் செல்வநாதனின் கண்டுபிடிப்பு. அதை இன்று வந்திருக்கும் பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டால் டாக்டர் பட்டம் உறுதி.

பட்டம் வந்தால்தான் ஞானமேரி. ஊசி போடுகிற டாக்டரோ செடி அளக்கிற டாக்டரோ, பெயருக்கு முன்னால் அந்த எழுத்து இருந்தால்தான் பெண் என்று பாண்டிச்சேரியில் அவளுடைய அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆராய்ச்சி மூன்று துறைகளைத் தொட்டதால் வாத்தியார்களும் மூன்று பேர். மூவரும் ஒரே அம்பாசிடரில்தான் வந்தார்கள். கட்டுரையில் யார் பெயரை முதலில் போடுவது என்று வழியில் பெருமுக்கல் தாண்டுவதற்குள்ளேயே சண்டை வந்துவிட்டது.

"உப்புத் தண்ணி வேர்ல இருக்கற தண்ணிய வெளிய இழுக்குது. எல்லாம் பிரஷர். சுத்தமான பௌதிகம்" என்றார் பௌதிகப் பேராசிரியர்.

"இலைய எரிச்சு சாம்பலைப் பாருங்க சார், சோடியம் கொட்டிக் கிடக்கும். இது ரசாயனம்" என்றார் ரசாயனப் பேராசிரியர்.

தட்சணாமூர்த்தி பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டார். "ரெண்டு பேரும் இப்படி வாங்க. நுனி அப்படியே நின்னுபோச்சு. பக்கவாட்டுல கிளை கிளையா வெடிச்சிருக்குது. குருத்தையே உப்பு குறிவெச்சு அடிக்குது! இது என் சப்ஜெக்ட்."

ஆளுக்கொரு திசையில் இழுத்தாலும், செடியைக் குட்டையாக்கியது உப்புதான் என்பதில் மூவருக்கும் சந்தேகமே இல்லை. "வாங்க டாக்டர் செல்வநாதன், சாப்பிடப் போகலாம்" என்று தட்சணாமூர்த்தி முதுகில் தட்டினார்.

செல்வநாதனின் காதில் பாண்டிச்சேரி மாதா கோயில் மணி கணீரென்று அடித்தது. தரையில் கால் பாவாமல் கொட்டகைக்கு நடந்தான்.

லூர்துமேரி இலை போட்டுப் பரிமாறினாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, பருப்பு சேர்த்துக் கடைந்த கீரை, மோர். கருவாட்டு வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்ட தட்சணாமூர்த்தி, கீரையைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ரசாயனப் பேராசிரியர் மோருக்கு உப்பு கேட்டார். ஜாடி வந்தது. உள்ளே உப்பு கல்லாக இறுகிக் கிடந்தது, கரண்டி இறங்கவில்லை.

"ஏம்மா, உப்பளத்துல இருந்துக்கிட்டு உப்பு ஜாடியத் தொடறதே இல்லியா?"

"எங்கங்க ஐயா, தேவையே படலியே" என்று சிரித்தாள் லூர்துமேரி. கருவாட்டிலேயே வேண்டிய உப்பு இருக்கிறதே என்று அவரும் தலையாட்டிக்கொண்டார்.

"அது இருக்கட்டும், இது என்ன கீரைப்பா? தேவாமிர்தம்!" என்று விரலை நக்கினார் தட்சணாமூர்த்தி.

"தெரியலீங்க சார். அக்கா தெனமும் வைப்பாங்க. நான் புஸ்தகத்தப் பார்த்துக்கிட்டே சாப்ட்டுடுவேன்."

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

சட்டி காலி. லூர்துமேரி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தாள். "செத்த இருங்க ஐயா, நாலு குருத்து கிள்ளிக்கிட்டு வந்து நிமிஷத்துல கடைஞ்சிடறேன். தம்பி வேலி கட்டி வளக்கற கீரை, ஆடு வாய் வெக்காத கீரை. வெளியில இப்படிக் கெடைக்காது."

மூன்று பேராசிரியர்களின் கையும் இலையிலேயே நின்றுவிட்டது. பௌதிகத்துக்குப் புரையேறியது.

செல்வநாதனுக்கு அப்போதும் ஒரு நப்பாசை. இரண்டு பாத்தியிலும் சரிசமமாகக் கிள்ளியிருந்தால், கண்டுபிடிப்பு பிழைத்துவிடும். பட்டம் பிழைத்துவிடும். ஞானமேரியும்தான்.

"அக்கா..." என்றான் ஈனக்குரலில். "ரெண்டு பாத்தியிலயும் மாத்தி மாத்தித்தானே கிள்ளுவீங்க?"

லூர்துமேரி அவனை விநோதமாகப் பார்த்தாள்.

"உப்புத் தண்ணி பாத்தியில மட்டுந்தான் தம்பி, நல்ல தண்ணி பாத்தி கீரைக்கு நாமதானே உப்பு போடணும்!"